ஹேமலதாவின் இரட்டைச் சத்தம்

ஆரணியில் ஹேமலதாவைப் பயமுறுத்தாத பொருள் என்று ஏதாவது உண்டென்றால் அது பட்டு நூல் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுக்கு எமன். பல்லி சுவரில் நகர்ந்தால் பயம், நகராமல் இருந்தால் அதைவிடப் பயம். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கத்தி முடிக்கும்வரை வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளை வேலைவெட்டி இல்லாதவள் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டதில் சந்திரமோகனின் கை தடுமாறி, முதல் முடிச்சை இரண்டாம் தடவை போட வேண்டியிருந்தது. அந்த வீடியோவை அவன் இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஹேமலதாவுக்குக் கண்ணில் கோளாறு இல்லை, காதுதான் அரண்ட காது. அப்படிப்பட்டவளுக்குப் பார்த்து, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மணிச் சத்தத்துக்குக் காத்திருக்கிற வேலையைக் கடவுள் கொடுத்தார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது அது. அவள் பில் போட்டுக்கொண்டிருந்த பட்டுக் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். அதே சமயம் சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலைக்குப் பெண்களைத் தேடியது. தனியாக இருக்கும் வயதானவர்களின் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிடும் கம்பெனி. விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அவர்கள் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஹேமலதாவின் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அவள் உடனே அவர்களுக்கு போன் போட்டுப் பேச வேண்டும். பதில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தாருக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்ல வேண்டும். வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் நூற்று அறுபது பேர் அவள் பொறுப்பு.

“அய்யோ, என்னால ஆவாதுங்க. நான் ஒரு நேரம் பாத்ரூம் போயிருந்தா அவங்க உசுரு போயிடுமே” என்று அவள் முதலில் மறுத்துவிட்டாள்.

சந்திரமோகன் தறியிலிருந்து எழுந்து வராமலே பதில் சொன்னான். “பயந்தவதான் இந்த வேலைக்கு லாயக்கு. தைரியசாலின்னா மணி அடிச்சாலும் காப்பி குடிச்சிட்டு வருவா. நீ தண்ணி கூட குடிக்க மாட்ட.”

அவன் கேலியாகச் சொன்னது உண்மையாகிவிட்டது. கம்பெனியில் ஹேமலதாவைப்போல ஜல்தியாக போன் எடுக்கிறவள் வேறு யாரும் இல்லை. மணி அடித்த நான்காவது நொடியில் அவள் குரல் கேட்கும். அது திறமை இல்லை, நடுக்கம். கம்பெனிக்கு அந்த வித்தியாசம் தெரியாததால் இரண்டு தடவை பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் அவளுடைய கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடி அறையில் மேஜைமேல் இருப்பது அவளுடைய லேப்டாப். ஆனால் வேலை நடப்பது அதில் இல்லை. காலையில் பாஸ்வேர்டு போட்டால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அந்த ஜன்னலுக்குள் தெரிவது சென்னை ஆபீசில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். இங்கே இருந்துகொண்டு அதை ஓட்ட வேண்டும். பயிற்சியின்போது இதை ரிமோட் டெஸ்க்டாப் என்று நாள் முழுக்க விளக்கினார்கள். ஹேமலதா தன் நோட்டில் ஒரே வரி எழுதிக்கொண்டாள். மேஜைமேல் இருப்பது பிறந்த வீடு, ஜன்னலுக்குள் இருப்பது புகுந்த வீடு. பிறந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம். புகுந்த வீட்டில் ஒரு படத்தைக்கூட இடம் மாற்ற அனுமதி கிடையாது.

பொத்தான் மணி முதலில் புகுந்த வீட்டில்தான் அடிக்கும். ஆனால் இன்டர்நெட் கோளாறில் ஜன்னல் உறைந்துபோனால் என்ன செய்வது என்று, பிறந்த வீட்டிலும் அதே செய்தியை ஒரு நகல் காட்டும்படி கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது. அதனால் ஒருவர் ஒரு தடவை அமுக்கினாலும் அவளுக்கு இரண்டு தடவை கேட்கும். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு ‘டிங்’. அரை நொடி தள்ளி, லேப்டாப்பிலிருந்து இன்னொரு ‘டிங்’. செய்திகளும் இரண்டிரண்டாக வந்து திரையில் குவியும். ஒன்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும் நகலைத் துடைக்க ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்ற பட்டனை அமுக்கினால் இரண்டு வீடும் சுத்தமாகும். இரண்டு நிமிடத்துக்குள் அப்படி அமுக்காவிட்டால் அந்த அழைப்பு தானாகவே சென்னையில் இருக்கும் சூப்பர்வைசர் பானுப்ரியாவிடம் போய்விடும்.

முதல் மாதம் அந்த இரட்டைச் சத்தம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு பேர் அமுக்கிவிட்டார்களோ என்று ஒவ்வொரு தடவையும் குலை நடுங்கும். அதற்கு மருந்து கண்டுபிடித்தவன் சந்திரமோகன்தான். அவனுக்குச் சகுனத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. தறியில் உட்காரும்போது ஒரு தும்மல் வந்தால் எழுந்துவிடுவான். இரண்டாவது தும்மல் வந்தால்தான் மறுபடி தறிக் குழிக்குள் காலை விடுவான். வராவிட்டால் மூக்கில் நூலை விட்டாவது வரவழைப்பான்.

“ஒத்தைன்னாதான் ஆகாது, ரெட்டைன்னா நல்லது. உன் மெஷினும் அப்படித்தான்னு வெச்சிக்கோ. ரெட்டையா வந்தா ஒரே ஆளு, எல்லாம் ஒழுங்கா ஓடிகினு இருக்குதுன்னு அர்த்தம். ஒத்தையா வந்தா ஏதோ ஒரு பக்கம் புட்டுக்கிச்சுன்னு அர்த்தம், அப்ப பயந்துக்கோ.”

ஹேமலதா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடமாக இரட்டை அவளுக்கு ஆறுதல். டிங் என்று முதல் சத்தம் வந்ததும் மூச்சு நிற்கும், இரண்டாவது டிங் வந்ததும் மூச்சு திரும்பும். அதற்கப்புறம்தான் கை போனுக்குப் போகும்.

அவளுடைய நூற்று அறுபது பேரில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் வேலூரில் இருக்கும் கமலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பேச ஆள் இல்லை என்பதுதான் நோய். தினமும் பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பொத்தானை அமுக்கிவிடுவார். கேட்டால் தெரியாமல் கை பட்டுவிட்டது என்பார். கை தினமும் அதே நேரத்துக்குப் பட்டது.

இன்னொருவர் தேவிகாபுரம் துரைக்கண்ணு. எழுபத்து நான்கு வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகன் பூனாவில். பொத்தான் வந்த புதிதில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஹேமலதாதான் அவருக்கு போன் செய்தாள்.

“எத்தனி வாட்டிம்மா அமுக்கணும்?” என்று கேட்டார் அவர்.

“ஒருவாட்டி போதுங்கய்யா. எனக்கு இங்க ரெண்டு வாட்டி கேக்கும்.”

“ஒன்னு போதும், இல்ல?” என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். “அதான் சரி. நம்ம கண்டக்டர் கணக்கும் அதுதான்.”

அது என்ன கணக்கு என்று ஹேமலதா கேட்கவில்லை. அடுத்த மணி அடித்துவிட்டது. அதற்கப்புறம் எட்டு மாதத்தில் துரைக்கண்ணு ஒரு தடவைகூடப் பொத்தானை அமுக்கவில்லை. அவர் பெயருக்கு நேராகச் சிவப்பில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், விழுந்து அடிபட்டால் உடனே ஆள் போக வேண்டும்.

வம்பு வந்தது போன மாசி மாதத்தில். பேசிய பேச்சையெல்லாம் பதிவில் போட்டுக் கேட்கும் ஒரு குழு கம்பெனியில் உண்டு. ஹேமலதா பேசும்போது பின்னால் ஓயாமல் டிங் டிங் என்று கேட்கிறது, வாடிக்கையாளர்கள் எரிச்சலாகிறார்கள் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். பானுப்ரியா போனில் பேசினாள். ஹேமலதாவைவிட ஐந்து வயது சின்னவள், ஆனால் குரலில் ஐம்பது வயது.

“ஹேமலதா, எல்லாரும் ஒரு சைடு சவுண்டை ஆஃப் பண்ணிட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை ஒரே சவுண்டுதான் இருக்கணும்.”

“மேடம், ரெண்டு இருந்தாதான் எனக்கு...”

“ரெண்டு இருந்தா எனக்குப் பேஜாரு.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹேமலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பக்கத்தின் வாயை மூடுவது? புகுந்த வீட்டை மூடினால் உண்மையான மணி கேட்காது. பிறந்த வீட்டை மூடினால், ஜன்னல் உறைந்துபோகும்போது சொல்ல நாதி இருக்காது. திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் எழிலரசன் போனில் வழி சொன்னான்.

“அக்கா, அந்தப் பக்கத்தைத் தொடவே தொடாதீங்க. அதுதான் ஒரிஜினல். உங்க லேப்டாப்புல இருக்கிற நகலோட மணிச் சின்னத்தை மட்டும் அமுக்குங்க. மேல ஒரு கோடு விழும். விழுந்துச்சா?”

“விழுந்துச்சு தம்பி. ஜன்னல் உறைஞ்சிப் போச்சுன்னா?”

“திரை கறுப்பாயிடும், உங்களுக்கே தெரியும். பயப்படாதீங்கக்கா.”

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று உலகத்தில் எத்தனை பேர் நம்புகிறார்கள்! ஹேமலதாவுக்கு அன்று காலை நரகமாக விடிந்தது. எட்டே காலுக்கு முதல் மணி. டிங். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வராது என்று தெரிந்தும் லேப்டாப்பின் பக்கம் காதைச் சாய்த்தாள். ஒன்பதுக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று, பத்தே காலுக்கு ஒன்று. எல்லாம் சின்ன விஷயங்கள். ஒருவருக்கு மாத்திரை பெயர் மறந்துவிட்டது, ஒருவரின் பேரன் பொத்தானைக் கடித்துவிட்டான். ஆனால் ஒவ்வொரு ஒற்றை டிங்குக்கும் அவள் உள்ளங்கை வியர்த்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து முந்தானை ஈரமாகிவிட்டது.

கீழே வீடும் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. தறி ஓடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் முடிந்து புதுப் பாவு வந்திருந்தது. இரண்டையும் இழை இழையாகப் பிணைக்க அடுத்த தெரு அன்புச்செல்வி வந்திருந்தாள். அவளும் சந்திரமோகனும் தறிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகக் குனிந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். தறிச் சத்தத்தோடு வாழ்ந்து பழகியவளுக்கு அந்த நிசப்தமே ஒரு கெட்ட சகுனமாகத் தோன்றியது.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது.

டிங். டிங்.

இரட்டை! ஹேமலதாவின் தோள் இரண்டும் தளர்ந்தன. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. திரையைப் பார்த்தாள். மேலே இருந்த செய்தியில் கமலத்தின் பெயர். அவருடைய நேரம்தான். உடனே போன் போட்டாள்.

“டீச்சர், சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?”

“கை பட்டுட்டதும்மா. அது கிடக்கட்டும், டிவி ரிமோட்டைக் காணோம். நீ கொஞ்சம் லைன்ல இரு, நான் தேடறேன்.”

ஹேமலதா சிரித்துக்கொண்டே, மூன்று வருடப் பழக்கத்தில், ‘எல்லாம் பார்த்தாச்சு’ பட்டனை அமுக்கினாள். திரை சுத்தமானது. ரிமோட் தலையணைக்கு அடியில் கிடைத்தது. அதற்கப்புறம் கமலம் தன் பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணக் கதையைச் சொன்னார். அன்று ஹேமலதாவுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. பயம் விட்ட நேரத்தில் எல்லாக் கதையும் நன்றாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் பேசினாள்.

போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது சந்திரமோகன் தும்மினான். ஒன்று. எழுந்து நின்றான். அடுத்த நொடி இன்னொரு தும்மல் கேட்டது.

“ரெட்டை வந்துட்டுது, உக்காருங்க” என்றாள் ஹேமலதா மாடிப்படியிலிருந்து.

“எங்கேர்ந்து ரெட்டை? அது அன்புச்செல்வி தும்மினது” என்றான் அவன். “ஒரு மூக்குலேர்ந்து வந்தாதான் ரெட்டை. ரெண்டு மூக்குன்னா ரெண்டும் ஒத்தைதான், செல்லாது.”

அன்புச்செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹேமலதாவும் சிரிக்கப் போனாள். பாதிச் சிரிப்பில் உதடு அப்படியே நின்றது.

காலையில் லேப்டாப்பின் வாயைத் தானே மூடியது நினைவுக்கு வந்தது. கோடு விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். காலையிலிருந்து எல்லாம் ஒற்றையாகத்தான் வந்தது. பிறந்த வீடு பேசாது.

அப்படியானால் அந்த இரண்டாவது சத்தம் யாருடையது?

மாடிப்படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மவுஸை அவசரமாக உருட்டியதில் அம்புக்குறி திரை முழுக்க அலைந்தது. பார்த்து முடித்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். 11:41, கமலம், வேலூர். அதற்குக் கீழே, அதே 11:41, துரைக்கண்ணு, தேவிகாபுரம். அந்தப் பெயருக்கு நேராகப் பச்சை எழுத்தில்: பார்த்தாச்சு, ஹேமலதா. அதன் பக்கத்தில் அந்தச் சிவப்புக் குறிப்பு.

மணி 12:04.

இருபத்து மூன்று நிமிடம். அவள் பார்த்ததாகச் சொல்லிவிட்டதால் அந்த அழைப்பு பானுப்ரியாவிடமும் போகவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு மாதம் அமுக்காத மனிதர் அமுக்கியிருக்கிறார்.

போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அந்த வீட்டில் அந்த மணி எங்கே அடிக்கிறது, அவர் எங்கே கிடக்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாரா, கேட்கிற நிலையில் இல்லையா? ஹேமலதாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. பூனாவிலிருக்கும் மகன் எடுக்கவில்லை. துரைக்கண்ணுவின் பக்கத்து வீட்டு ஜெபராணி, பள்ளிக்கூட டீச்சர், வகுப்பில் இருப்பாள் போலிருக்கிறது, எடுக்கவில்லை. 108-க்குச் சொன்னாள். முகவரியைச் சொல்லும்போது தேவிகாபுரம் என்ற வார்த்தை மூன்று தடவை அவள் வாயில் உடைந்தது. வண்டி புறப்படுகிறது, இருபது இருபத்தைந்து நிமிடமாவது ஆகும் என்றார்கள்.

இன்னும் இருபத்தைந்து நிமிடம்!

“ஏங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் சந்திரமோகன் கையிலிருந்த இழைகளை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தான். அவன் கல்யாணத்திலிருந்து அவளுடைய எத்தனையோ அலறல்களைக் கேட்டவன். இது வேறு என்று அவனுக்கு உடனே புரிந்தது.

“தேவிகாபுரத்துல யாருங்க இருக்காங்க? யாராவது, ஜல்தியா சொல்லுங்க. ஒருத்தர் விழுந்து கிடக்கறாரு. நான் பாக்காம வுட்டுட்டேன். நான் கொன்னுட்டேங்க!”

சந்திரமோகன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனும் தேவிகாபுரம் அன்பழகனும் ஒரே முதலாளிக்கு நெய்கிறவர்கள். போனை எடுத்தான்.

“அன்பு, தறியை வுட்டுட்டு எந்திரி. உங்க ஊர்ல கண்டக்டர் துரைக்கண்ணுன்னு...”

“தெரியும், கோயில் தெருவுக்குப் பின்னாடி.”

“ஓடு. விழுந்து கிடக்கறாரு. போனைக் கட் பண்ணாத.”

சந்திரமோகன் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். மனைவியும் கணவனும் அதன்மேல் குனிந்து நின்றார்கள். முதலில் செருப்புச் சத்தம். பிறகு செருப்பு இல்லாமல் ஓடும் சத்தம். ஒரு நாய் குரைத்தது. மூச்சிரைப்பு. இரும்பு கேட் கிரீச்சிட்டது.

“கண்டக்டரய்யா! அய்யா!”

பதில் இல்லை.

“முன் கதவு உள்பக்கம் தாப்பாள் போட்டிருக்குது மோகன்.”

“பின்னாடி போ.”

ஹேமலதா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள், எந்தச் சாமி என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு உதை. இன்னொரு உதை. மரம் பிளக்கும் சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மணிச் சத்தத்துக்கும் குக்கர் சத்தத்துக்கும் இத்தனை வருடம் பயந்தவள், சத்தம் இல்லாமல் இருப்பதற்கு இப்படிப் பயந்தது அன்றுதான். எத்தனை நேரம் போயிருக்கும், பத்து நொடியா, இருபதா? அவள் சந்திரமோகனின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. அவன் கையை உதறவில்லை.

“பாத்ரூம்ல கிடக்கறாரு” என்றது அன்பழகனின் குரல். “மண்டையில அடி. தரையெல்லாம் ரத்தம்.”

“உசுரு இருக்குதா? அண்ணே, உசுரு இருக்குதா?”

“இரும்மா... இருக்குது. கண்ணைத் தொறக்கறாரு.”

ஹேமலதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்க, துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், அசைக்க வேண்டாம் என்றாள், மாத்திரை விஷயத்தை ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லச் சொன்னாள். வண்டி வந்து அவரை ஏற்றும்வரை அன்பழகனை லைனிலிருந்து விடவில்லை.

பிறகு பானுப்ரியாவுக்கு போன் போட்டாள். அழைப்பைத் தாமதமாகக் கவனித்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சந்திரமோகன்கூட அப்படித்தான் சைகை காட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“நான் பாக்காமலே பாத்தாச்சுன்னு போட்டேன் மேடம். ரெண்டு சத்தம் வந்ததும் ஒரே ஆளுன்னு நெனச்சிகினேன்.”

பானுப்ரியாவின் அந்த ஐம்பது வயதுக் குரல் காணாமல் போய், முப்பது வயதுப் பெண்ணின் குரல் வந்தது. “நான்தானே மியூட் பண்ணச் சொன்னேன்” என்றாள்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ஹேமலதாவை எச்சரித்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். முந்தைய இரண்டு பாராட்டுக் கடிதங்களோடு அதையும் அவள் பீரோவில் வைத்தாள். ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்ற பட்டனை எல்லார் திரையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் மூட முடியும். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அவள் அன்றைக்கு அழுதிருக்கமாட்டாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் துரைக்கண்ணுவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு அவளும் சந்திரமோகனும் பஸ்ஸில் போனார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தலையில் பதினான்கு தையல். இன்னும் அரை மணி போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டுப் பூனாவிலிருந்து வந்திருந்த மகன், “நீங்கதான் அப்பாவைக் காப்பாத்தினீங்க” என்று ஹேமலதாவைக் கைகூப்பிக் கும்பிட்டான். அவளுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

மகனும் சந்திரமோகனும் டீ வாங்கப் போனதும் அவள் கட்டிலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துரைக்கண்ணு அவள் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்.

“அய்யா, நீங்க ஒருவாட்டிதான் அமுக்கினீங்களாமே” என்றாள். அதுதான் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடாத கேள்வி. “நான் பேசல, யாரும் வரல. அவ்ளோ நேரம் கிடந்தீங்களே, இன்னொருவாட்டி ஏன் அமுக்கல? கை எட்டலையா?”

“கையிலதாம்மா வெச்சிகினு இருந்தேன்.”

“அப்புறம் ஏங்கய்யா?”

துரைக்கண்ணு மெல்லச் சிரித்தார். தையல் இழுத்ததில் சிரிப்பு பாதியில் நின்றது. “நான் முப்பத்தோரு வருஷம் கண்டக்டரும்மா. ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கணும். ரெண்டு குடுத்தா வண்டி போயிடும். நீ நிக்கணும்னுதான் ஒன்னு அமுக்கினேன். வராம இருந்ததும் இன்னொன்னு அமுக்கலாம்னு கை போச்சு. ரெண்டாயிட்டா நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் வெச்சிகினே படுத்துகினு இருந்தேன்.”

வார்டில் யாரோ இருமினார்கள். ஹேமலதா இரண்டு கையாலும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றினாய் என்று கும்பிட்ட மகன் டீயோடு திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

“எனக்கு ரெண்டா கேட்டுச்சுங்கய்யா” என்றாள். “நான் போயிட்டேன்.”